எவ்ரிஒன் என்கிற ஆசாமி

பெயர் புள்ளியில் தொடங்கினால் அப்போதெல்லாம் விண்டோஸுக்கு ஆகாது. நோட்பேடில் நாலு வரி எழுதி, அந்தக் கோப்புக்கு 'டாட் ஹெச்டிஅக்சஸ்' என்று பெயர் மாற்றப் போனால், கோப்புக்குப் பெயரே கொடுக்கவில்லையே என்று ஒரு பெட்டி எழும்பி வந்து நிற்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதன் கணக்கில் வால். தலை எங்கே என்று கேட்கும். 2003-ல், கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஆறு பேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அந்தப் பெட்டியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில், வேறு பெயரில் சர்வருக்கு ஏற்றிவிட்டு, அங்கே போன பிறகு எஃப்டிபி வழியாகப் பெயரை மாற்றி ஜெயித்தேன். விண்டோஸ் அத்தனை தூரம் வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை.

கல்லூரி லேபில் லினக்ஸும் அப்பாச்சியும்தான் பழகியிருந்தேன். அங்கே ஒரு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட் போடுவது ரொம்பச் சுளுவான காரியம். ஃபோல்டருக்குள் அந்தப் புள்ளிக் கோப்பை வைத்து, பெயர் கேள், பாஸ்வேர்ட் கேள், சரியாகச் சொல்பவரை உள்ளே விடு என்று எழுதினால் போதும். பெயர்களும் கலைத்துப்போட்ட பாஸ்வேர்ட்களும் 'டாட் ஹெச்டிபாஸ்வேர்ட்' என்ற இன்னொரு கோப்பில் இருக்கும். அவ்வளவுதான். பூட்டு, சாவி, வீடு எல்லாம் ஒரே கைப்பைக்குள் அடங்கிவிடும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருடையது. அவருக்கு நாலு பையர்கள். ஜெர்மனியில் இரண்டு, ஹாலந்தில் ஒன்று, பிரான்சில் ஒன்று. ஒவ்வொரு சீசனுக்கும் டிசைன் படங்கள், அளவுப் பட்டியல், விலைப் பட்டியல் என்று கூரியரிலும் ஃபேக்ஸிலும் அனுப்பி அலுத்துப் போயிருந்தார். வெப்சைட்டில் போட்டுவிட்டால் அவரவர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆளுக்கு ஒரு ரூமு, ஆளுக்கு ஒரு சாவி. ஒருத்தரு சரக்கை இன்னொருத்தரு பார்க்கக்கூடாதுங்க தம்பி. அது ஒண்ணுதான் நமக்கு முக்கியம்."

இதைவிடத் தெளிவாக ஒரு தேவையை இந்த இருபது வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்குச் சொன்னதில்லை. பி1, பி2, பி3, பி4 என்று நாலு ஃபோல்டர் போட்டேன். அந்தப் பெயர்களை நான்தான் வைத்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

சர்வர் அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்த பெட்டி. விண்டோஸ் 2000, அதில் அப்பாச்சிக்குப் பதிலாக ஐஐஎஸ் 5.0 என்ற வெப் சர்வர். புள்ளிக் கோப்புகளை வைத்துவிட்டு பிரவுசரில் பி1-ஐத் திறந்தேன். பெயரும் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. டி-ஷர்ட் படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அண்ணன், "அந்தப் பாஸ்வேர்ட் ஃபைலோட அட்ரஸை நேரா அடிச்சுப் பாருடா" என்றார். அடித்தேன். எங்கே சேமிக்கட்டும் என்று கேட்டு அந்தக் கோப்பு என் கணினிக்கே இறங்கி வந்தது. நாலு பையர் பெயரும் கலைத்த பாஸ்வேர்டும் அதில் அப்படியே இருந்தன.

அப்பாச்சியில் 'டாட் ஹெச்டி' என்று தொடங்கும் எதையும் வெளியாருக்குக் கொடுக்காதே என்று ஒரு விதி அதன் அமைப்புக் கோப்பிலேயே எழுதியிருக்கும். ஐஐஎஸ்ஸுக்கு இந்தக் கோப்பு யாரென்றே தெரியாது. தெரியாத வகைக் கோப்பை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவது ஐஐஎஸ் 5-ன் சுபாவம். அடுத்து வந்த 6.0-வில்தான், தெரியாத வகையா, 404 என்று மறுக்கக் கற்றுக்கொண்டது. பூட்டையும் சாவியையும் திண்ணையில் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டோம் என்று நம்பியிருக்கிறேன்.

அண்ணன் திட்டவில்லை. 2001 செப்டம்பரில் நிம்டா புழு வந்தபோது இரண்டு நாள் தூங்காமல் சர்வர் கழுவியவர் அவர். அதற்குப் பிறகு அவருக்கு எதிலும் பதற்றம் வருவதில்லை. டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க ஃபோல்டருக்குப் பூட்டே கிடையாதுடா. வாட்ச்மேன்தான் உண்டு. யாரு வந்திருக்காங்கன்னு பார்ப்பான், உள்ள கேட்பான், விடுவான்."

ஐஐஎஸ்ஸுக்கு அப்போது சொந்தமாக ஆள் பட்டியல் கிடையாது. வருகிறவர் யார் என்பதை விண்டோஸிடம்தான் கேட்கும். ஆகவே பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வர வேண்டியவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணினியிலேயே ஒரு யூசர் அக்கவுண்ட் வேண்டும், நம் வீட்டுக் கணினியில் அப்பாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று போடுவது மாதிரி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. பெயரே சொல்லாமல் வருகிற பொதுஜனத்துக்கும் அது ஒரு பெயர் வைத்திருந்தது. ஐயூஎஸ்ஆர், ஒரு அடிக்கோடு, பிறகு கணினியின் பெயர். உலகத்தில் எந்த மூலையிலிருந்து எவர் வந்து பார்த்தாலும் சர்வருக்குள் அவர் அந்த ஒரே ஆள்.

செய்ய வேண்டியது மூன்று இடங்களில் இருந்தது. ஐஐஎஸ் மேலாண்மைத் திரையில் ஃபோல்டரை வலது கிளிக் செய்து, 'டைரக்டரி செக்யூரிட்டி' தாவலுக்குப் போய், 'அனானிமஸ் அக்சஸ்' என்பதிலிருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். 'பேசிக்' என்பதற்கு டிக் போட வேண்டும். போட்டதும் ஒரு எச்சரிக்கை வரும்: இந்த முறையில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் நெட்வொர்க்கில் போகும், சம்மதமா? எல்லோரையும்போல நானும் 'யெஸ்' அழுத்தினேன். அடுத்து, 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' போய் நாலு யூசர்களை உண்டாக்க வேண்டும். மூன்றாவது இடத்துக்குப் பிறகு வருகிறேன். நானும் அன்றைக்கு அதற்குப் போகவில்லை.

யூசர்களை உண்டாக்கியதுமே இரண்டு இடறல்கள். புது யூசர் போடும் பெட்டியில், 'அடுத்த முறை லாகின் செய்யும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்று தானாகவே ஒரு டிக் இருக்கும். ஆபீஸ் கணினிக்கு அது நல்ல ஏற்பாடு. வெப்பில் வருகிறவர் எங்கே போய் மாற்றுவார்? சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 401.1 என்று திருப்பி அனுப்பியது. அந்த டிக்கை எடுத்தும் திறக்கவில்லை. ஐஐஎஸ் 5-ல் பேசிக் முறையில் நுழைகிறவரை, அந்தக் கணினியின் கீபோர்டு முன்னால் வந்து உட்கார்ந்தவராகவே விண்டோஸ் பாவிக்கும். 'லாக் ஆன் லோக்கலி' என்ற உரிமை அவருக்கு இருந்தாக வேண்டும். நிம்டாவுக்குப் பிறகு அண்ணன் அந்த உரிமையைச் சாதாரண யூசர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார். நாலு பேருக்கும் திருப்பிக் கொடுத்தோம். வேறொரு கண்டத்தில் இருக்கிற பெட்டி முன்னால் ஒரு ஜெர்மன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, கோயம்புத்தூரிலிருந்து நான் அனுமதி கொடுத்தேன். அவர் கேட்டதோ நாலு டி-ஷர்ட் படம்.

பிறகு திறந்தது. சாம்பல் நிறப் பெட்டி வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்டபோது ஒரு சந்தோஷம் வந்ததே, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாலு பேர், நாலு பாஸ்வேர்ட், நாலும் சரியாகத் திறந்தன. திருப்பூருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அங்கிருந்து ஃபோன் வந்தது.

"ஏனுங் தம்பி, நம்ம ஜெர்மனி வெலை ஹாலந்துக்காரரு ஏஜென்ட் கையில இருக்குதுங்களே, எப்பிடிங்க?"

குரல் உயரவே இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது. ஹாலந்து பையருக்குத் திருப்பூரிலேயே ஒரு பையிங் ஏஜென்ட் இருந்தார். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதே ரவுண்ட் நெக், ஜெர்மன்காரருக்கு மட்டும் பீஸுக்கு 12 சென்ட் குறைவாகப் போட்டிருக்கிறீர்களே, ஏன் என்று நேரிலேயே வந்து கேட்டிருக்கிறார்.

லாக் கோப்பை இறக்கிப் பார்த்தோம். வந்தவரின் யூசர்நேமையும் பதிந்துவைக்கும்படி அண்ணன் முன்பே அமைத்திருந்தது நல்லதாயிற்று. நேரமெல்லாம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், 5.30 மணி கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹாலந்து யூசர் பி3-க்கு வந்திருக்கிறார், படம் பார்த்திருக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்து அதே யூசர், பி2. நிலை எண் 200. அதாவது, தாராளமாக வாருங்கள். பிறகு பி1. அதற்கும் 200. திருட்டுச் சாவியெல்லாம் ஒன்றுமில்லை. முகவரியில் 3 இருந்த இடத்தில் 2 போட்டுப் பார்த்திருக்கிறார். பி1, பி2 என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

அப்போதுதான் அண்ணன் அந்த மூன்றாவது இடத்தைத் திறந்து காட்டினார். அது ஐஐஎஸ்ஸில் இல்லை. சாதாரண எக்ஸ்ப்ளோரரில், ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில், 'செக்யூரிட்டி' தாவல். இந்த ஃபோல்டரை யார் யார் படிக்கலாம், எழுதலாம் என்கிற பட்டியல் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையிலேயே அங்கு இருக்கிறது. எங்கள் டி டிரைவின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. 'எவ்ரிஒன்'. பக்கத்தில் 'ஃபுல் கன்ட்ரோல்'. விண்டோஸ் 2000-ல் டிரைவின் வேரில் அதுதான் இயல்பாக இருக்கும். கீழே உண்டாக்குகிற ஒவ்வொரு ஃபோல்டரும் அதை அப்படியே வாரிசாகப் பெற்றுக்கொள்ளும். அடுத்த பதிப்பில் இறுக்கிவிட்டார்கள்.

வாட்ச்மேன், நீ யார் என்று ஒவ்வொருவரையும் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறான். பெயரைக் கேட்டு, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, உள்ளே போய், "ஹாலந்துக்காரர் வந்திருக்கிறார், பி2-வுக்கு விடலாமா?" என்றும் கேட்டிருக்கிறான். உள்ளே இருந்த பட்டியல், எல்லோரையும் விடு என்றது. வந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. வந்தவரை விடலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மூன்று நாள் உழைத்தேன். இரண்டாவதை எவ்ரிஒன் என்கிற அந்த ஆசாமியிடம் விட்டிருந்தேன். முதலாளி முதல் நாளே கேட்டது இரண்டாவதைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்ட் என்ற சொல்லையே அவர் உச்சரிக்கவில்லை.

சரிசெய்யப் போய் இன்னொரு கூத்து. வாரிசுரிமையை நிறுத்த ஒரு டிக்கை எடுக்க வேண்டும். எடுத்ததும், பழைய பட்டியலை நகல் எடுத்து வைக்கட்டுமா, நீக்கட்டுமா என்று கேட்கும். வேகத்தில் 'நீக்கு' என்றேன். எவ்ரிஒன் போனார். அவரைத் தவிர பட்டியலில் வேறு யாரும் இல்லாததால் பட்டியலே போயிற்று. அந்தக் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டராகிய நானே திறந்தாலும் 'அனுமதி இல்லை'. பையர்களும் போக முடியவில்லை, ஐஐஎஸ்ஸும் போக முடியவில்லை. உலகத்திலேயே பத்திரமான ஃபோல்டர் அன்றைக்கு அதுதான். உரிமையாளர் என்ற முறையில் பட்டியலைத் திரும்ப எழுதும் அதிகாரம் மட்டும் மிச்சமிருந்ததால் பிழைத்தேன். பி3-ல் ஹாலந்து, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம். மற்றவற்றிலும் அப்படியே, ஒவ்வொன்றாக.

முடித்துவிட்டு ஹாலந்துக்காரராக வேஷம் போட்டு பி2-வைத் தட்டினேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மூன்று முறை பாஸ்வேர்ட் கேட்டது. மூன்று முறையும் சரியாகவே கொடுத்தேன். 401.3. நீ யாரென்று தெரியும், ஆனால் உனக்கு இங்கே இடமில்லை என்பதற்கு அதுதான் எண். பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ் பிடித்துத் திருப்பூர் போய் மன்னிப்புக் கேட்டேன். "அவரும் கெட்டவரு இல்லீங்க தம்பி. கதவு தொறந்து கெடந்துச்சு, எட்டிப் பார்த்தாரு" என்றார் முதலாளி. ஹாலந்துக்கும் அந்த 12 சென்ட்டைக் குறைத்துக் கொடுத்தாராம். எத்தனை ஆயிரம் பீஸ் என்று நான் கேட்கவில்லை.

இது ஆறிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் காலை நாலு பையர்களும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். எல்லோருக்கும் 401.1. யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம், பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள் என்று விண்டோஸ் தன் பாதுகாப்புக் கொள்கையில் வைத்திருந்த இயல்பான எண். நாலு அக்கவுண்டையும் ஒரே நாளில் உண்டாக்கியதால் நாலும் ஒரே நாளில் காலாவதியாயின. கோயிலுக்கு வேண்டிக்கொண்டாலும் ஒரு மண்டலம், 48 நாள் தாங்கும். இது அதற்குக்கூட வரவில்லை. 'பாஸ்வேர்ட் காலாவதி ஆகாது' என்ற டிக்கைப் போட்டுவிட்டு வந்தேன். பாதுகாப்புப் பாடப் புத்தகம் இதை ஒப்புக்கொள்ளாது. அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு ஜெர்மனியிலிருந்து ஃபோன் வந்திருக்காது.

பேசிக் முறையின் உண்மையான பலவீனத்தை அண்ணன் காட்டியது அதற்கும் பிறகு. எங்கள் ஆபீஸ் கணினிகளெல்லாம் ஒரு ஹப்பில் கோத்திருந்தன. ஒருவர் அனுப்புவது எல்லோர் கம்பியிலும் ஓடும். ஈதரியல் என்ற மென்பொருளை (இப்போது வயர்ஷார்க் என்று பெயர்) அவர் கணினியில் ஓடவிட்டு, என்னை பி1-க்குள் நுழையச் சொன்னார். நான் நுழைந்ததும் பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கிருந்தே சத்தமாக வாசித்தார். பேசிக் முறை பாஸ்வேர்டை பேஸ்64 வடிவில் அனுப்பும். அது மறைப்பு இல்லை, எழுத்துகளை வேறு எழுத்துகளாக மாற்றி அடுக்குவது மட்டுமே. யாரும் திருப்பி அடுக்கிவிடலாம். அப்பாச்சியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே களவு போவது அந்த ஃபோல்டரின் சாவி மட்டும். இங்கே போவது ஒரு விண்டோஸ் அக்கவுண்ட், அதுவும் கீபோர்டு முன்னால் உட்காரும் உரிமையோடு. அந்த நாலு பேரையும் வேறெந்த ஃபோல்டரையும் தொட முடியாத தனிக் குழுவில் அன்றைக்கே போட்டோம். எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கினால் முழுப் பாதையும் மறையும். டாலரில் விலை சொன்னேன். "அடுத்த சீசன் பார்க்கலாமுங்க" என்றார் முதலாளி. இலவசச் சான்றிதழ்கள் பரவலாகக் கிடைக்க 2015 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த பேசிக் முறையை விவரிக்கும் ஹெச்டிடிபி ஆவணத்தை அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். 1996-ல் வந்தது, டிம் பெர்னர்ஸ்-லீ எழுதியவர்களில் ஒருவர். உதாரணத்துக்கு ஒரு யூசர் வேண்டுமே, அலாவுதீன் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட், 'திறந்திடு சீசேம்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்த எங்கள் பாட்டிக்கே தெரியும், அந்த மந்திரம் அலிபாபாவுடையது. அலாவுதீனிடம் இருந்தது விளக்கு. 1999-ல் ஆவணத்தைத் திருத்தினார்கள், 2015-ல் மறுபடி திருத்தினார்கள். அலாவுதீன் அசையவே இல்லை. ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் பயன்படுத்துவதற்கு அதைவிடப் பழைய எடுத்துக்காட்டு வெப்பில் இருக்காது.

அந்தக் கதையில் காசிம் உள்ளே போன பிறகு மந்திரம் மறந்துபோய் மாட்டிக்கொள்வான். பேசிக் முறையில் நேர்மாறு. வெளியே வர மந்திரமே கிடையாது. 'லாக் அவுட்' என்று ஒன்று அந்த ஏற்பாட்டிலேயே இல்லை. பிரவுசரை முழுதாக மூடும்வரை அது பாஸ்வேர்டை நினைவில் வைத்து ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். திருப்பூர் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் தம்பி, கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படங்களைச் சரிபார்ப்பான். பார்த்துவிட்டு விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அடுத்து அந்தக் கேபினில் உட்காரும் பள்ளிக்கூடப் பையன் கீழே இருப்பதைக் கிளிக் செய்தால் பி4 முழுக்கத் திறந்து கிடக்கும். நான் ஒரு நாள் அவனோடு போனபோதுதான் இதைப் பார்த்தேன். "அண்ணா, காசு மணிக்கணக்குல போகுதுண்ணா, மூடிட்டு மறுபடி தொறந்தா லேட் ஆகுது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அவனுக்கு ஆல்ட்டும் எஃப்4-ம் சொல்லிக்கொடுத்தேன்.

நடுவே ஏஎஸ்பி-யில் அழகான லாகின் பக்கம் கட்டித் தரும் பழக்கம் எங்கும் வந்தது; நாங்களும் இரண்டு பேருக்குச் செய்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தின் நிரல் பக்கத்தை மட்டும்தான் காக்கும். அதே ஃபோல்டரில் இருக்கும் படத்தையோ எக்ஸெல் கோப்பையோ முகவரி தெரிந்தவர் நேராக எடுத்துப் போகலாம். வாசலில் கோலம் போட்டு வரவேற்பாளரை உட்காரவைத்து, கொல்லைப்புறத்தைத் திறந்து விட்ட கதை.

2009-ல் விண்டோஸ் சர்வர் 2008-க்கு மாறினோம். ஐஐஎஸ் 7. பேசிக் முறை இப்போது தானாக வந்து உட்காராது. வேண்டுமென்றால் தனியாக நிறுவ வேண்டும். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதை ஃபோல்டருக்குள்ளேயே 'வெப் கான்ஃபிக்' என்கிற எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கலாம். அந்தக் கோப்பை யார் கேட்டாலும் ஐஐஎஸ் கொடுக்காது. ஆறு வருஷம் முன்னால் நான் புள்ளிக் கோப்போடு வந்து நின்றபோது இது இருந்திருந்தால் என்று தோன்றியது. அண்ணனிடம் சொல்ல அவர் அப்போது கம்பெனியில் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

பழைய பெட்டியை மூடுமுன் எதெல்லாம் வேண்டும், எதெல்லாம் வேண்டாம் என்று கேட்க லேப்டாப்போடு திருப்பூர் போனேன். மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். பெரியவர் பக்கத்து நாற்காலியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பி3-ன் செக்யூரிட்டி தாவலைத் திறந்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம். மூன்றாவதாகப் பெயர் இல்லை. 'எஸ்-1-5-21' என்று தொடங்கி நீளமாக ஒரு எண்.

"அது யாருங்க தம்பி?"

"ஹாலந்துக்காரர்ங்க ஐயா. ஆர்டர் நின்னதும் அக்கவுண்டை அழிச்சுட்டோம். நம்பர் மட்டும் லிஸ்ட்ல நிக்குது."

"அதே பேர்ல மறுபடியும் போட்டா உள்ள வருவாருங்களா?"

"வர முடியாதுங்க. பேரு ஒண்ணா இருந்தாலும் நம்பர் வேற வரும். விண்டோஸுக்கு அது வேற ஆள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

"நாம 12 சென்ட் கொறைச்சுக் குடுத்தமல்லோ, அவருடா."

'ரிமூவ்' பட்டனுக்குக் கொண்டுபோன மவுஸை நான் அங்கேயே வைத்திருந்தேன்.

"அது அந்தப் பொட்டியோட போகட்டும் விடுங்க தம்பி. நீங்க மோர் குடிங்க" என்றார். கேன்சல் கொடுத்துவிட்டு டம்ளரை எடுத்தேன்.